புளி போட்டு விளக்கிய சுங்கான்கள்

திருகோணமலை,
27.04.1942

கிளிவெட்டியில் தம் தமையனார் வல்லிபுரம் அவர்களின் இல்லத்தில் தங்கியிருக்கும் என் தர்மபத்தினி இரத்தினேஸ்வரிக்கு, கணவன் பாக்கியரத்தினம் எழுதுவது. நான் நலம். நீரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். ஆயினும் கீழ்வரும் முறைப்பாடுகளுக்கு அது தடையாகாது.

1. ஏப்ரல் 9: துறைமுகத்தில் குண்டு விழுந்த காலை, அயலவர் எல்லோரும் நகையையும் காணி உறுதிப்பத்திரத்தையும் கட்டிக்கொண்டு ஓட, நீர் அவற்றை அப்படியே விட்டுவிட்டு, நான் புகையிலை புகைக்கும் இங்கிலாந்துச் சுங்கான்கள் இருந்த பெட்டியை அலுமாரியிலிருந்து தூக்கிக்கொண்டு மூதூர் வள்ளத்தில் ஏறினீர்.

2. வருடப்பிறப்புக்கு முதல் நாள்: அண்ணர் வீட்டுக் குத்துவிளக்குகளோடு அவற்றையும் கிணற்றடியில் பரப்பி, புளியும் சாம்பலும் போட்டு விளக்கினீர்.

3. வருடப்பிறப்பன்று: நிறைகுடத்துக்கு முன்னால், மாம்பழத்துக்கும் வெற்றிலைக்கும் நடுவே தாம்பாளத்தில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தீர்.

4. ஏப்ரல் 24: இவற்றை எனக்கு அறிவித்த வள்ளக்கார ஜமால்தீனிடமே, மன்னிப்புக்குப் பதிலாக ஓர் எச்சரிக்கையும் சொல்லியனுப்பினீர்.

சுங்கான் கடையும் பிரையர் பித்தளையன்று. அது ஒரு செடியின் வேர்க்கட்டை. கிண்ணத்தின் உள்ளே படியும் கரி அழுக்குமன்று. மரம் தீயாமல் காக்கும் கவசம். விக்டோரியா மகாராணி காலத்தில் கடைந்த, வெள்ளி வளையம் பூட்டிய அந்த வளைந்த சுங்கானில், அதை எனக்கு விற்றுப்போன கப்பற் கப்டனும் அவருடைய தகப்பனாரும் பின்னர் நானுமாகப் புகைத்துப் படியவைத்த கரியை நீர் ஒரு பிடி தேங்காய்ப் பொச்சால் போக்கிவிட்டீர். "இப்ப புதுச் சாமான் மாதிரி மினுங்குது, மாஸ்டர்" என்றார் ஜமால்தீன். அவர் அதை நற்செய்தியாகவே சொன்னார்.

உமது எச்சரிக்கையையும் அவர் சொல் பிசகாமல் ஒப்புவித்தார்: "அலுமாரிக்குக் காவல் எண்டுதானே வராமல் நிண்டவர். இப்ப அலுமாரியில என்ன கிடக்கு? சுங்கான் வேணுமெண்டால் ஆள் வரட்டும்."

சென்னையில் தர்க்கசாஸ்திரம் படித்துப் பட்டம் பெற்றவன் நான். 24ஆந் திகதியிலிருந்து உமது இவ்வாதத்தில் பிழை தேடுகிறேன், அகப்படவில்லை. என் கோபத்துக்கு அதுவே மூலகாரணம். நான் படிப்பிக்கும் கல்லூரியோ பூட்டிக் கிடக்கிறது. இரவில் வெளிச்சம் வெளியே தெரியாமல் யன்னல்களை இருட்டாக்கும்படி உத்தரவு வந்தது. துணி எங்கே வைத்திருக்கிறீரென்று தெரியாமல், கைக்கு அகப்பட்ட உமது கூறைச்சேலையைக் கட்டினேன். பார்க்க வந்த காவற்காரர், வீடு கலியாண வீடு மாதிரிக் கிடக்கிறதென்று ஏசிவிட்டுப் போனார். நேற்றுப் பின்னேரம் புத்தகத்திலிருந்து தலை நிமிராமலே குசினியைப் பார்த்து, "இஞ்சேரும், தேத்தண்ணி எங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்தும் இருந்தேன். நெடுநேரம் இருந்தேன். இதனை ஐந்தாவது முறைப்பாடாகச் சேர்த்துக்கொள்ளவும்.

ஆகவே, சுங்கான்களின் உள்ளே தண்ணீர் நின்றதா, அவற்றை நிழலில் உலர்த்தினீரா வெயிலில் உலர்த்தினீரா என்பவற்றுக்கு மே 4ஆந் திகதிக்கு முன்னர் எழுத்துமூலம் பதில் தரவேண்டும். வாய்ச்செய்தி ஏற்கப்படாது.

கோணேசர் அருளால் நீரும் அண்ணர் குடும்பமும் ஒரு குறையுமின்றி வாழ்வீர்களாக.

இங்ஙனம்,
சி. பாக்கியரத்தினம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் ஜமால்தீன் வந்துவிட்டார். நீர் எப்படியிருக்கிறீரென்று கேட்டேன். சொன்னார்: "அக்கா ரெண்டு தரம் வண்டி கட்டிக்கொண்டு மூதூர்க் கரைக்கு வந்தவ, மாஸ்டர். வள்ளத்தால இறங்கின ஆக்கள் எல்லாரையும் பாத்துப்போட்டு, திரும்பிப் போனவ."

முறைப்பாடுகள் ஐந்தும் கைவிடப்படுகின்றன. இக்கடிதத்தை அவரிடம் கொடுக்கவில்லை. அவருடைய வள்ளத்தில் நானே கொண்டுவந்து உமது கையில் தருகிறேன். எழுத்துமூலமான பதில் மட்டும் கட்டாயம் வேண்டும். நீர் எழுதி முடிக்குமட்டும் பக்கத்தில் இருப்பேன், அவசரமில்லை. தவணை யுத்தம் முடியும் நாள்வரை நீடிக்கப்பட்டுள்ளது.