பிரான்சில் சொந்தம் இல்லாதவர்

முட்டாள் என்று பெயர் எடுப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. அதற்குமேல் யாரும் தோண்ட மாட்டார்கள். இருபது வருடமாக அந்தச் சௌகரியத்தில்தான் குடியிருக்கிறேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் புதுச்சேரியில் கல்வித் துறைக் கண்காணிப்பாளராக இருந்தேன். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் இருவர் பிரான்சில் ஓராண்டு பாடம் நடத்துவது, அங்கிருந்து இருவர் இங்கே வருவது என்று ஒரு திட்டம். விண்ணப்பங்கள் குவிந்த பிறகுதான் விதிகளை எழுதச் சொன்னார்கள். (அரசாங்கத்தில் அப்படித்தான்.) போனவர்கள் திரும்பாவிட்டால் என்ன செய்வது என்று மேலதிகாரிக்குக் கவலை. ஒரே வரியில் தீர்த்துவைத்தேன்: பிரான்சில் நெருங்கிய உறவினர் உள்ளவர் தகுதியற்றவர். எழுதிவிட்டு எனக்கு நானே ஒரு டீ வாங்கிக்கொடுத்தேன்.

எங்கள் ஊரில் பிரெஞ்சு தெரிந்தவர் வீட்டில் யாராவது ஒருவர் பிரான்சில் இருப்பார். யாரும் இல்லாதவருக்குப் பிரெஞ்சு தெரியாது. அக்கா பாரிசில், மகன் துலோனில் என்று விண்ணப்பங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. மிஞ்சியவர் பாகூர்ப் பக்கத்து டிரில் மாஸ்டர் ஒருவர்தான். நேர்காணலில் பிரெஞ்சு அம்மையார் கேட்ட ஐந்து கேள்விக்கும் விறைப்பாக நின்று "பொன்ழூர் மதாம்" என்று வணக்கத்தையே பதிலாகச் சொன்னார். ஆறாவது கேள்வி வரவில்லை. திட்டமும் அத்தோடு படுத்துவிட்டது.

விழுந்தவற்றில் ஒன்று என் மனைவி மார்த்தாவின் விண்ணப்பம். அரசுப் பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியை. லியோனில் இருக்கும் அவள் அண்ணன் கூப்பிடும்போதெல்லாம், "விருந்தாளியா வரமாட்டேன், டீச்சராத்தான் வருவேன்" என்பாள்.

விண்ணப்பம் விழுந்த அன்று சாயங்காலம் கேட்டாள். "ஏங்க, அந்த விதிய எழுதுனது யாரு?"

"நான்தான்."

"எங்க அண்ணன் ஞாபகம் வரலியா? அவரு வாங்கியாந்த சட்டயதான போட்டுனு நிக்கிறீங்க."

"மறந்துட்டேன் மார்த்தா."

அவள் பிரான்சுக்குப் போகாமலே ஓய்வு பெற்றாள். இன்றும் வீட்டில் யார் எதை மறந்தாலும், "அப்பா மாதிரி விதி எழுதிட்டியா?" என்பான் என் மகன். எல்லாரும் சிரிப்போம்.

நான் மறக்கவில்லை. அந்த வரியை எழுதும்போது மச்சான் முகம் கண்முன் நின்றது. ஓராண்டு அவள் இல்லாத வீட்டில், சோறு வடிக்கத் தெரியாமல் விழிக்கும் என் முகமும் நின்றது. தெரிந்தேதான் எழுதினேன்.

போன ஞாயிறு சாப்பிடும்போது மகன் அந்தக் கதையைப் பேத்திக்குச் சொன்னான்.

"தாத்தா எப்படி மறந்தாரு?" என்று அவள் கேட்டாள்.

என் தட்டில் மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த மார்த்தா சொன்னாள்: "தாத்தாவா? அவரு எதையும் மறக்கமாட்டாரு."

போதும் என்று கையைக் காட்டினேன். அவள் ஊற்றுவதை நிறுத்தவில்லை.