கிளிப்பச்சைப் படகு திருத்தப்பட்ட வரலாறு

உலகத்தில் நிறங்களைப் படைத்தவர் கடவுள் என்றால், அவற்றை ஒழுங்காக நடந்துகொள்ளச் செய்தவர் செங்கல்பட்டு ராட்டினங்கிணற்றில் டிசைன் கடை வைத்திருந்த ஜெயகிருஷ்ணன். கடவுளின் வேலை சுலபம். அவருக்கு ஒரே ஓர் உலகம். ஜெயகிருஷ்ணனுக்கோ மூன்று: கம்ப்யூட்டர், இணையதளம், அச்சு. மூன்றிலும் ஒரு படம் ஒரே நிறத்தில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள் நாகரிகம் அறியாதவர்கள். குடி முழுகத்தான் செய்தது. ஜெயகிருஷ்ணனுடையது அல்ல என்பதுதான் இந்த வரலாற்றின் சிறப்பு.

2006-ஆம் வருடம் அவர் சென்னைக்குப் போய் இரண்டு நாள் 'வண்ண மேலாண்மை'ப் பயிற்சி பெற்றார். ஒரு சான்றிதழும், மானிட்டர்மேல் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நிறத்தை அளக்கும் கருவி ஒன்றும் வாங்கி வந்தார். சான்றிதழ் கண்ணாடி போட்டுச் சுவரேறியது. கருவிமேல் தூசி படக்கூடாதல்லவா? அது பெட்டியைவிட்டு வெளியே வரவேயில்லை. அப்பேர்ப்பட்ட பொறுப்புணர்ச்சி!

அந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான் திருவிடந்தைக்குத் தெற்கே இருந்த 'நீலக்கரை உல்லாச விடுதி' அவரிடம் இணையதளத்தையும் ஆறாயிரம் புரோஷரையும் ஒப்படைத்தது. அவரே போய்ப் படம் எடுத்தார். மணல், கடல், நடுவில் மீனவன் நீலமேகத்தின் கிளிப்பச்சைப் படகு. விடுதி எழும்புவதற்கு முன்பிருந்தே அந்தப் படகு அங்கேதான் கிடந்தது. வெள்ளைக்காரர்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டதால், முதலாளி ஹர்ஷவர்தன் அதை 'கிராமிய அம்சம்' என்று பெயரிட்டு விட்டுவைத்திருந்தார். தான் ஓர் அம்சம் என்பது நீலமேகத்துக்குத் தெரியாது. வடக்கே கருங்கல் கொட்டியிருக்கிறார்கள், தெற்கே அடுத்த குப்பத்துக்காரர்களின் கரை, இந்த மணலை விட்டால் படகைத் தள்ள வேறு இடமில்லை என்பது மட்டும் தெரியும்.

வில்லங்கம் ஒரு விருந்தாளி உருவத்தில் வந்தது. இணையதளத்தில் கிளிப்பச்சையைக் கண்டு மயங்கி அறை பிடித்தவர், அறையில் இருந்த புரோஷரைப் பிரித்தார். அதில் படகு குளத்துப் பாசி நிறத்தில் இருந்தது. "இதில் எது பொய்?" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஜெயகிருஷ்ணனுக்கு விடை தெரியும். திரையில் பளிச்சென்று எரியும் கிளிப்பச்சையை அச்சு மையால் கொண்டுவர முடியாது. அச்சுக்கு அனுப்புமுன் சோதித்து, படத்தைத் திருத்த வேண்டும். பயிற்சியின் முதல் நாள், காலை டீக்கு முந்தைய பாடம். அவர் மறந்துவிட்டார்.

அவசரக் கூட்டம் கூடியது.

"மிஸ்டர் ஜெயகிருஷ்ணன், மிஸ்டேக் எங்க?" என்றார் ஹர்ஷவர்தன்.

'என் மேலதான் சார்' என்று சொல்ல ஒரு விநாடி போதும். பெரிய மனிதர்கள் அந்த ஒரு விநாடியைக்கூட வீணாக்குவதில்லை.

"படகுல சார்."

"படகுலயா?"

"ஆமா சார். அது அச்சோட ஒத்துழைக்காத கலர். ஆறாயிரம் புரோஷரைத் திரும்ப அடிக்கறது நடக்காத காரியம். ஒரு படகுக்குத் திரும்ப பெயின்ட் அடிச்சுட்டா எல்லாம் ஒண்ணாயிடும்."

'படத்துக்கு ஏற்பப் பொருளை நெறிப்படுத்துதல்' என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மார்க்கெட்டிங் பார்க்கும் விஷாகா கைதட்டினாள்.

பெயின்ட் டப்பாவும் புரோஷருமாகக் கரைக்கு வந்த ஜெயகிருஷ்ணனை நீலமேகம் ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னா சார் இது? போட்டோ தப்பா வந்தா போட்டோவ மாத்துவியா, படக மாத்துவியா?"

"இது டெக்னிக்கல் விஷயம் நீலமேகம். உனக்குப் புரியாது. படகு இங்க இருக்கணுமா வேண்டாமா?"

அவன் மனைவி தமிழரசி புரோஷரை வாங்கிப் பார்த்தாள். "அழுகிப்போன மீனுகூட இத்தவிட நல்லா கீது" என்றாள். இருந்தாலும் படகு பாசி நிறமாயிற்று. காய்வதற்கு ஐந்து நாள் கடலுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு.

அடுத்து, இணையதளத்தையும் பாசி நிறமாக்கினார் ஜெயகிருஷ்ணன். அது அவருடைய கடையில் பாசியாகவும், விஷாகாவின் மானிட்டரில் நீலமாகவும், ஹர்ஷவர்தனின் லேப்டாப்பில் பழுப்பாகவும் தெரிந்தது. மறுபடியும் கூட்டம். சம்பளம் கொடுப்பவரின் கண்ணே சரியான கண் என்ற விஞ்ஞான அடிப்படையில், முதலாளியின் லேப்டாப்பே 'ஆதார நிறம்' என்று முடிவாயிற்று. படகு பழுப்பாயிற்று. இன்னும் ஐந்து நாள் கரையில் கிடந்தது.

பதினோராம் நாள் நீலமேகத்துக்கு விடுதியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தமிழரசி உரக்கப் படித்தாள்: "தங்கள் படகு மாலை நான்கு மணிக்கு மேல் முன் அனுமதியின்றி நிறம் மாறுவதாகத் தெரியவருகிறது. ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவும். அதுவரை படகை நகர்த்தக் கூடாது."

"சூரியன் எறங்குனா கலர் மாறாம இன்னா பண்ணும்?" என்றான் நீலமேகம். படகின் விளிம்பில் ஒரு சில்லைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினான்.

கடையில் சில்லை மேசைமேல் வைத்தான். மேலே பழுப்பு, அதன் கீழே பாசி, அடியில் கிளிப்பச்சை.

"அடியில பாரு சார். இதான் என் படகு. பதினோரு நாளா நான் கடலுக்குப் போவல. வூட்டுல சட்டி காலியா கீது. ஒரே ஒரு வார்த்த சொல்லிடு சார், தப்பு அச்சுல, படகுல இல்லன்னு. நீ சொன்னா கேப்பாங்க."

ஜெயகிருஷ்ணன் சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் எடுத்த படத்தின் பச்சை அப்படியே இருந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "சொல்றேன் நீலமேகம். நாளைக்கே சொல்றேன்" என்றார். மனதாரத்தான் சொன்னார். அந்த மனது மறுநாள் விடுதி வாசல்வரை கூடவே வந்தது.

உள்ளே ஹர்ஷவர்தன் எழுந்து வந்து கைகொடுத்தார். "எங்க ஆறு ரிசார்ட்டுக்கும் இனிமே நீங்கதான் கலர் கன்சல்டன்ட். இந்தப் படகு தலைவலிய மட்டும் முடிச்சுக் குடுங்க."

சட்டைப்பையில் அந்தச் சில்லு இருந்தது. ஜெயகிருஷ்ணன் அதை வெளியே எடுக்கவில்லை.

"சார், எந்தக் கலர் போட்டாலும் மாறும். மூணு இடத்துலயும் மாறாம இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான். இல்லாத பொருள்."

கூட்டத்தில் கைதட்டல்.

கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து, பக்கத்து மணலை நகலெடுத்துப் படகின்மேல் ஒட்டினார். நான்கே நிமிடத்தில் நீலமேகத்தின் அப்பன் காலத்துக் கரை சுத்தமாகிவிட்டது. திரும்ப அடிப்பது நடக்காத காரியம் என்றிருந்த அந்த ஆறாயிரம் புரோஷரும் ஒரே வாரத்தில் புதிதாக அச்சடிக்கப்பட்டன. பழையவை எடைக்குப் போயின. முதல் கூட்டத்தின் தீர்மானம் இன்னும் அமலில் இருந்ததல்லவா? படத்தில் படகு இல்லை. ஆகவே கரையையும் படத்துக்கு ஏற்ப நெறிப்படுத்த வேண்டியதாயிற்று. ஒரு முற்பகலில் ஜேசிபி வந்து படகை இழுத்துப்போய் ரோட்டோரம் போட்டது. அடியில் விரிசல் விட்டது. மணலைச் சுற்றிக் கம்பிவேலி முளைத்தது.

சரிபார்ப்பதற்காக ஜெயகிருஷ்ணன் கேமராவோடு வந்திருந்தார். வேலி ஓரத்தில் தமிழரசி நின்றாள். நீலமேகம் ரோட்டிலேயே, படகுப் பக்கம் குந்தியிருந்தான்.

"ஏன் சார், உன் தப்ப அழிக்க எங்க படகுதான் கெடச்சுதா?" என்றாள்.

ஜெயகிருஷ்ணன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா. ஃபிரேம்ல வர்ற."

அவள் தள்ளி நின்றாள். படம் அருமையாக வந்தது.

விடுதியின் அந்த வருட ஆண்டுவிழாவில் அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். அது தகுதியானதுதான். புதிய புரோஷரின் அட்டையில், வெறும் மணலுக்கு மேலே, அவரே யோசித்து அவரே கோத்த வரி ஒன்று இருக்கிறது: 'மனிதக் காலடி படாத கடற்கரை'. கம்ப்யூட்டரில் பாருங்கள், இணையதளத்தில் பாருங்கள், அச்சில் பாருங்கள், இம்மி பிசகவில்லை. ஒரு படகின் பச்சையைப் பிடிக்கத் துப்பில்லாத அந்த மை, ஜெயகிருஷ்ணனின் பொய்யை மட்டும் துளி வெளுக்காமல் பிடித்துக்கொண்டது.