எண்ணெய் குடித்த கியூ

மலைச்சாரல் மனமகிழ் மன்றச் செயலாளரும் என் தாய்மாமாவுமாகிய கணேசமூர்த்தி அவர்களுக்கு,

என் பில்லியர்ட்ஸ் கியூக் குச்சியைப் பாழாக்கியது நீங்கள்தான். இனி முறைப்படி எழுதுகிறேன். தென்காசியில் அம்மாவும் நானும் நலம். குற்றாலத்தில் நீங்களும் அத்தையும் சாரலில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டுகிறேன்.

போன ஞாயிறு வந்து, "ஏட்டி சத்யா, ஒங்குச்சியக் குடு, எங்குச்சிகூட வச்சு ஒத்துப் பாக்கேன்" என்றீர்கள். இரண்டும் கொல்லத்தில் ஒரே கடையில் ஒரே நாள் வாங்கியவை. ஒரே மேப்பிள் மரம், நடுவில் ஒரே பித்தளைத் திருகு, நுனியில் ஒரே அடுக்குத் தோல். ஒத்துப் பார்க்க என்ன இருக்கிறது என்றதற்கு, "ஒன்னுது மட்டும் எப்படிட்டி சொன்ன பேச்சு கேக்கு?" என்று கேட்டு வாங்கிப் போனீர்கள்.

நேற்று திருப்பித் தந்தீர்கள். பையைத் திறந்தால் மூலிகை எண்ணெய் வாடை. நேரே அருவிக்கரைக்குப் போய், எண்ணெய் தேய்த்துவிடும் நல்லதம்பி அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"மாமாதான் தேய்க்கச் சொன்னாவ. மனுசன் முதுகே நிமிருது, கம்பு நிமிராதான்னு கேட்டாவ. கால் மணி நேரம் பிடிச்சுவிட்டேன்."

"வலிக்குன்னு சொல்லிச்சா?"

"மொனங்கல."

மாமா, எண்ணெய் குடித்த தோலில், பந்து வழுக்காமல் இருக்கப் பூசும் நீலச் சாக்பொடி ஒட்டாது. அடித்துப் பார்த்தேன், பந்து வழுக்கி ஓடுகிறது, தண்டு பிசுபிசுத்து விரலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. நுனியைப் பிளேடால் அறுத்துவிட்டேன். மெத்தென்ற தோல் போட்டால் பந்து நன்றாகச் சுழலும், ஆனால் ஒரே வாரத்தில் காளானாய் விரியும். கெட்டித் தோல் வருடக்கணக்கில் உழைக்கும், ஆனால் பந்தைச் சுழற்றாது, உதைக்கும். நடுத்தரம் கடையில் இல்லை. கோபத்தில் இருப்பதிலேயே கெட்டியை ஒட்டி, தண்டை உப்புத்தாளால் இரண்டு மணி நேரம் தேய்த்தேன். இப்போது அது என் சுண்டுவிரல் கனம்.

இதை வைத்து ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் எப்படி ஆடுவது? மன்றத்துக் குச்சியை எடு என்பீர்கள். நல்லவை எல்லாம் உறுப்பினர்களுக்கென்று பீரோவில் பூட்டியிருக்கின்றன. வெளியாளுக்குத் தருவது ஒரே துண்டுக் கம்பு, சாரலில் வளைந்தது, நுனியில் தோலே இல்லை. டீக்கடையில் இரண்டு தம்ளர் வைத்தது கேவலம் என்று சுதந்திர தினத்தன்று மைக்கில் பேசினீர்கள். மன்றத்தில் இரண்டு குச்சி வைத்திருப்பதும் நீங்கள்தான். சரி, என் பெயரையாவது பட்டியலில் எழுதுங்கள் என்றால், "பொம்பளப் பிள்ள குனிஞ்சு நின்னு அடிச்சா நாலு பேரு என்ன சொல்லுவாவ?" என்கிறீர்கள். அந்த நாலு பேரையும் போன மாதம் தென்காசியில் தோற்கடித்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

அத்தைக்கு வணக்கம். உங்கள் மூட்டுவலி எண்ணெயில் குறையட்டும். எண்ணெய் மூட்டோடு நிற்கட்டும்.

இப்படிக்கு,
சத்யபிரியா

பி.கு.: உறையை ஒட்டும் முன் திருகைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே 'க.மூ.' என்று கீறியிருக்கிறது. பையை மாற்றித் தந்திருக்கிறீர்கள். நான் அறுத்ததும் தேய்த்ததும் உங்களுடையது. என்னுடையது அங்கே சுகமாக இருக்கிறது போலும். மூன்று நாளாக நீங்கள் தோற்கவே இல்லை என்று அத்தை போனில் பெருமைப்பட்டார்கள். வருந்தாதீர்கள் மாமா, இரண்டும் ஒரே மரம்தான். ஞாயிறு காலை பத்து மணிக்கு என் கியூ மேஜைமேல் இருக்க வேண்டும், என் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். எழுதிவிட்டீர்களா?