கப்பலைத் தவறவிட ஒரு நல்ல வழி

அந்தக் கப்பலில் ஏறவே கூடாது என்று நான் முடிவெடுத்தது முந்தைய நாள் சாப்பாட்டு மேசையில்தான். சரியாகச் சொன்னால், என் சகலை ஃபெர்ருச்சியோ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தபோது.

"ஒத்தாவியோ, நீ எல்லாத்தையும் இடது பக்கமாவே மெல்லுற" என்றார்.

"அப்படியா?"

"வலது பக்கம் கீழே ஏதோ இருக்கு. வாயைத் திற, பார்ப்போம்."

சகலை பல் மருத்துவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். கண்கள் இன்னும் ஓய்வு பெறவில்லை. வாயைத் திறந்தால் பல்லைப் பார்ப்பார். மூடிக்கொண்டால் ஏன் மூடிக்கொண்டாய் என்று கேட்பார். அவருக்குப் பக்கத்தில் என் மனைவி நீவெஸின் அக்கா ப்ரூனா, எந்தத் துறைமுகத்தில் யார் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வாரக் கடல் பயணம். கப்பலில் நான்கு பேருக்கும் ஒரே மேசை. அவர்களுடைய திருமண நாளுக்கு எங்களையும் கூட்டிப் போகிறார்கள். அது அவர்கள் தந்த பரிசு. காசு கொடுத்து வாங்கிய துன்பமென்றால் கடையில் திருப்பிக் கொடுக்கலாம். பரிசாக வந்த துன்பத்தை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தேன். ஜெனோவா நகரத்தைக் காணவில்லை. வசந்த காலத்தில் கடலிலிருந்து ஏறி வருமே, அந்த வெள்ளை மூட்டம். வீடுகள், கோபுரங்கள், கப்பல்கள் எல்லாவற்றையும் யாரோ மெதுவாக ஊதி அணைத்துவிட்டதைப் போல இருந்தது. எங்கள் ஓட்டல் மேட்டுத் தெருவில். அங்கிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தைக் கீழே உருட்டிவிட்டால் அது கப்பல் துறையின் வாசலில் போய்த்தான் நிற்கும். அவ்வளவு பக்கம். அதுதான் என் கவலை.

சகலையும் ப்ரூனாவும் வாசலில் டாக்ஸியோடு நின்றார்கள். முதல் ஆளாக ஏறி நல்ல மேசையைப் பிடிக்க வேண்டுமாம்.

"நீங்களும் ஏறுங்க. இடிச்சுக்கிட்டு உக்காரலாம்" என்றாள் ப்ரூனா.

அப்போது நீவெஸ் சொன்னாள்: "நீங்க போங்க, அக்கா. பெட்டியை எல்லாம் ஓட்டல்காரங்க அனுப்பிடுவாங்க. என்னை இவன் கூட்டிட்டு வந்துடுவான். முப்பது வருஷம் தூரின்ல ட்ராம் ஓட்டினவன். எதுல போகணும், எப்படிப் போகணும்னு இவனை விட யாருக்குத் தெரியும்?"

டாக்ஸி போயிற்று. நீவெஸ் என் பக்கம் திரும்பினாள்.

"எதுல போறோம்னு நீயே முடிவு பண்ணு, ஒத்தாவியோ. நான் வாயே திறக்க மாட்டேன்."

திருமணமாகி இத்தனை காலத்தில் அவள் எந்த முடிவையும் என்னிடம் விட்டதில்லை. என் கோட்டின் நிறத்தைக்கூட அவள்தான் தீர்மானிக்கிறாள். இன்று வழியே என் கையில். பாவம் என்று நினைத்துக்கொண்டேன். என்னை நம்புகிறாள்.

ஒன்று சொல்ல வேண்டும். ட்ராம் ஓட்டுகிறவனுக்கு வழியைத் தேர்ந்தெடுக்கும் சுகமே கிடையாது. தண்டவாளம் எங்கே போகிறதோ அங்கேதான் அவனும். ஒரு சந்தில் நல்ல ரொட்டி வாசனை வந்தாலும் திரும்ப முடியாது. முப்பது வருஷம் நேராகவே போனவன் நான். அன்று கோணலாகப் போவதென்று தீர்மானித்தேன்.

"முதல்ல மேலே போவோம்" என்றேன்.

"கப்பல் கீழேல்ல இருக்கு?"

"மேலே போனாத்தான் கீழே எப்படிப் போறதுன்னு தெளிவாத் தெரியும்."

"அதுவும் சரிதான்" என்றாள்.

மலைக்கு இழுத்துச் செல்லும் கயிற்று வண்டியில் ஏறினோம். எங்களைத் தவிர யாரும் இல்லை. வண்டி பஞ்சுக்குள் ஊசி நுழைவதைப் போல வெள்ளைக்குள் ஏறியது. ஒரு தோட்டத்துச் சுவர் வந்தது, மறைந்தது. கயிற்றில் காயும் ஒரு சட்டை வந்தது, கையை ஆட்டியது, மறைந்தது. நீவெஸ் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ரீகி என்ற அந்த மலையின் உச்சியில் இறங்கியதும் வெயில் அடித்தது. மூட்டம் முழுவதும் எங்கள் காலடியில் கிடந்தது. கடல் இல்லை, ஊர் இல்லை. பால் காய்ந்து பொங்கி அப்படியே நின்றுவிட்டதைப் போல ஒரே வெள்ளை. அதற்குள்ளிருந்து கலங்கரை விளக்கத்தின் தலை மட்டும், குளிக்கிற கிழவரைப் போல எட்டிப் பார்த்தது. ஒரு கல் இருக்கையில் உட்கார்ந்தோம். கீழே எங்கோ ஒரு கப்பல் மாடு மாதிரி ஒரு தடவை கத்தியது.

"நம்ம கப்பலா?" என்றாள்.

"இல்லை. அது சரக்குக் கப்பல். குரல்லயே தெரியுது."

எனக்குக் கப்பலின் குரலைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். வெயில் எங்கள் முழங்கால்களை மெல்லச் சுட்டது. காற்று அசையும்போது கீழே அந்த வெள்ளையும் சேர்ந்து அசைந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த மேடுதான் நகர்ந்து போகிறதோ என்று எனக்குப் பட்டது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது. தூங்கினேனா என்றும் தெரியாது.

"ஒத்தாவியோ."

"ம்."

"எப்ப எழுந்திருக்கணும்னு யாரும் சொல்லாத ஒரு வாரம் கிடைச்சா எப்படி இருக்கும்?"

கப்பலைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். இவ்வளவு ஆசையோடு இருப்பவளை ஏமாற்றுகிறேனே. அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் வலது பக்கக் கடைவாய்ப்பல் லேசாக வலித்தது. சகலை ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

கீழே இறங்கி ஒரு பஸ்ஸில் ஏறினோம். கப்பல் துறைக்கு மேற்கே, நகரத்தின் கடைசியில், பெல்யி என்று ஒரு கடலோரப் பேட்டை. அங்கே போய், அங்கிருந்து சின்னப் படகில் திரும்பி வந்து கப்பலுக்குப் போவது என் திட்டம். அதாவது மூக்கைத் தொடக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டு போவது.

"படகில் போய்க் கப்பல் ஏறினாத்தான் பொருத்தமா இருக்கும். தண்ணியிலிருந்து தண்ணிக்கு" என்றேன்.

"எவ்வளவு அழகா யோசிக்கிற" என்றாள்.

அந்தப் பஸ் கப்பல் துறையின் வாசலைத் தொட்டுக்கொண்டுதான் போகும் என்பது எனக்குத் தெரியாது. திடீரென்று மூட்டத்துக்குள்ளிருந்து அந்தப் பெரிய கட்டடம் வெளியே வந்தது. வாசலில் பெட்டிகளோடு ஜனங்கள். ஆள் உயரத்துக்குக் கப்பல் படம் போட்ட பலகை. நான் அவசரமாக எதிர்ப்பக்கத்து ஜன்னலைக் காட்டினேன்.

"அங்கே பாரு, நீவெஸ். என்ன அழகான பூனை."

"எங்கே?"

"போயிடுச்சு."

அவள் நிதானமாக இந்தப் பக்கம் திரும்பி அந்தப் பலகையையே நேராகப் பார்த்தாள்.

"நல்ல கட்டடம்" என்றாள். "என்னது இது?"

"ஏதோ அருங்காட்சியகம்."

"கூட்டத்தைப் பாரேன். இந்தக் காலத்திலயும் ஜனங்களுக்கு அறிவு மேல எவ்வளவு ஆசை."

பஸ் தாண்டிப் போயிற்று. என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

பெல்யியில் படகு காத்திருந்தது. மூட்டத்தினால் மெதுவாகத்தான் போகும் என்றார் படகுக்காரர். எவ்வளவு மெதுவாக என்று கேட்டேன். நடக்கிற வேகம்தான் என்றார். அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்தப் படகுப் பயணத்தை என்னால் மறக்க முடியாது. மேலேயும் வெள்ளை, கீழேயும் வெள்ளை. தண்ணீரின் சத்தம் மட்டும்தான் நாங்கள் பூமியில் இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. படகுக்காரர் அவ்வப்போது ஒரு மணியை அடித்தார். எங்கிருந்தோ இன்னொரு மணி பதில் சொன்னது. நீவெஸ் தன் கோட்டின் பைக்குள் என் கையையும் சேர்த்து வைத்துக்கொண்டாள். நிச்சயம் செய்த காலத்தில் தூரினில் ஆற்றங்கரையில் அப்படி நடந்திருக்கிறோம்.

"உன் ஃபோன் ஏன் அடிக்கவே இல்லை?" என்று கேட்டேன். ப்ரூனா இந்நேரம் எத்தனை தடவை கூப்பிட்டிருக்க வேண்டும்.

"அணைச்சு வெச்சிருக்கேன். நாம ரெண்டு பேரும் மட்டும் இருக்கோமே, யாராவது கெடுக்கணுமா?"

பழைய துறைமுகத்தில் இறங்கி, கரையோரக் கடையில் உட்கார்ந்தோம். எண்ணெய் மின்னும் ஃபொக்காச்சா ரொட்டியைப் பால் காபியில் முக்கிச் சாப்பிட்டோம். இடது பக்கமாகவே மென்றேன். யாரும் கேட்கவில்லை. கப்பல் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. நான் வென்றுவிட்டேன்.

முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு எழுந்தேன். "வா, நீவெஸ். எதுக்கும் போய்ப் பார்ப்போம்."

போய்ப் பார்த்தோம். கப்பல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

மூட்டத்தினால் கப்பலும் கிளம்பவில்லை. அந்த ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துக் கையை வீசினார்.

"உங்களுக்கு அதிர்ஷ்டம். கதவை அடைக்கப் போறோம், சீக்கிரம் வாங்க. அடையாள அட்டையை மட்டும் காட்டுங்க."

மேலே எங்கோ ஒரு மேசையில் சகலை என் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

நீவெஸ் தன் கைப்பையைத் துழாவினாள். ஒரு முறை. இன்னொரு முறை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அட்டை வெச்ச சின்னப் பை எங்கே, ஒத்தாவியோ?"

"உன்கிட்டதானே இருந்தது?"

"காபிக் கடையில மேசை மேல வெச்சேன். நீ எடுத்துக்கிறேன்னு சொன்னியே."

நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் ஒரு மனிதனுக்கு வானத்திலிருந்து கயிறு இறங்கி வரும்போது அது யாருடைய கயிறு என்று கேட்பானா?

"ஆமாம். நான்தான் மறந்துட்டேன்" என்றேன். வெள்ளைச் சட்டைக்காரர் காதில் விழும்படி இன்னொரு முறையும் சொன்னேன். "என் தப்புதான்."

"கேட்டீங்கல்ல?" என்று நீவெஸ் அவரிடம் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். அவளுடைய முழங்கால் வலி போன வருஷமே சரியாகிவிட்டிருந்தது. ஆனாலும் பாதி தூரத்தில் நின்று மூச்சு வாங்கினாள். ஒரு கடையில் தொப்பிகளைப் பார்த்தாள். நாங்கள் காபிக் கடையை அடைந்தபோது மூட்டம் கலைந்து தண்ணீரில் வெயில் விழ ஆரம்பித்திருந்தது. அப்போது கேட்டது, நீளமாக, மூன்று முறை. இந்தக் குரல் எனக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளையாக, ஒரு தெருவே நகர்ந்து போவதைப் போல, கப்பல் மெல்லத் திரும்பிப் போயிற்று.

நீவெஸ் ஃபோனை உயிர்ப்பித்தாள். கண்ணீர் எங்கிருந்து வந்ததோ, வந்தது.

"அக்கா, என்னன்னு சொல்றது? நான் டாக்ஸின்னுதான் நினைச்சேன். இவன்தான் மலைக்குக் கூட்டிட்டுப் போனான். அப்புறம் பஸ்ஸு, அப்புறம் படகு. கடைசியில அட்டையையும் தொலைச்சுட்டான். ஆமாம், அக்கா. என் தலைவிதி."

நான் தலையைக் குனிந்து நின்றேன். வெளியே குற்றவாளி, உள்ளே திருவிழா.

டாக்ஸியில் ஓட்டலுக்குத் திரும்பினோம். கண்ணைச் சிமிட்டுவதற்குள் வந்துவிட்டது. அறை கிடைக்குமா என்று கெஞ்சுவதற்கு வழியெல்லாம் நல்ல வாக்கியங்களாகத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். வரவேற்பு மேசைப் பெண் ஒன்றும் கேட்காமல் சாவியை நீட்டினாள்.

"பெட்டிகள் அறையிலேயே இருக்கு, சின்யோரா. நீங்க சொன்ன மாதிரியே அனுப்பலை. அடுத்த ஞாயிறு வரைக்கும் கடல் பக்கத்து அறைதான். போன மாசம் நீங்க கேட்ட அதே அறை."

நான் நீவெஸைப் பார்த்தேன். அவள் சாவியைப் பார்த்தாள்.

அறையில் அவள் கோட்டைக் கழற்றினாள். உள் பையிலிருந்து அந்தச் சின்னப் பையை எடுத்து, கட்டிலின் பக்கத்து மேசையில் வைத்தாள். நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

"இது எப்பலேருந்து கோட்டுக்குள்ள இருக்கு?"

"காலையிலேருந்து."

"அப்போ உனக்கும் கப்பலுக்குப் போக இஷ்டம் இல்லையா?"

"ப்ரூனா கூட ஒரே அறையில பதினெட்டு வருஷம் வளர்ந்தவ நான். அது போதாதா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா பழி ரெண்டு பேருக்கும் வரும். அவ என் அக்கா, எனக்கு அவ வேணும். அதான் வழியை உன்கிட்ட விட்டேன். வழி உன்னுதுன்னா பழியும் உன்னுது." கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். "ஆனா உன்னை நம்பினது என் தப்பு. மலை ஏறினே, ஊரைச் சுத்தினே, படகுல ஊர்ந்தே. இவ்வளவும் பண்ணிட்டு, கடைசியில ட்ராம்காரன் புத்தி போகுமா? கப்பல் வாசல்ல கொண்டு போய் நேரத்துக்கு நிறுத்திட்டியே. மீதியை நான்தானே பண்ண வேண்டியதாப் போச்சு."

ஜன்னலுக்கு வெளியே கடல் முழுக்க நீலமாகத் தெளிந்திருந்தது. கப்பல் ஒரு அரிசி மணி அளவுக்கு இருந்தது.

அவளுடைய ஃபோன் அடித்தது. திரையில் சகலையின் பெயர். அவள் காகிதத்தில் கட்டி வந்த ஃபொக்காச்சாவைப் பிரித்து ஒரு வாய் கடித்தாள். ஃபோனை என்னிடம் நீட்டினாள்.

"நீ பேசு. நான் அழுதுக்கிட்டிருக்கேன்னு சொல்லு."