தேறிவரும் சங்கரபாண்டியன்

மூன்றாவது ஷேர் ஆட்டோவும் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றபோது பாண்டீஸ்வரன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். இறங்கியவர்களில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. எல்லார் கையிலும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடிப் பையும் இருந்தன.

"சங்கரபாண்டி மாமன் எந்தக் கட்டில்ல கெடக்காக?"

அருப்புக்கோட்டையில் டெங்கு பரவிக்கொண்டிருந்த நேரம். பாண்டீஸ்வரனுக்கு அங்கே நோயாளிகளுக்குச் சீட்டுப் பதியும் வேலைதான். கோயில் திருவிழாவை ரீல்ஸ் எடுத்துப் போட்டு நாலு பேரிடம் பாராட்டு வாங்கிய பாவத்துக்கு, ஆஸ்பத்திரியின் ஃபேஸ்புக்கையும் வாட்ஸப் குரூப்புகளையும் அவன் தலையில் கட்டிவிட்டார்கள்.

காய்ச்சல்காரர்கள் பெட்டிக்கடை மாத்திரையை விழுங்கிவிட்டு வீட்டிலேயே படுத்துக்கொள்கிறார்களே, அவர்களை வரவழைக்க அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. உள்ளே படுத்திருந்த எம்.ரெட்டியபட்டி சங்கரபாண்டியனிடம் சம்மதம் வாங்கி, தலையைச் சீவிவிட்டு, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தான். 'டெங்குவிலிருந்து தேறிவரும் சங்கரபாண்டியன். பயம் வேண்டாம், உடனே வாருங்கள்' என்று காலையிலேயே எல்லாக் குரூப்பிலும் தட்டிவிட்டான்.

வந்தார்கள். காய்ச்சல்காரர்கள் அல்ல, சொந்தக்காரர்கள். ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடப்பது தெரிந்தும் போய்ப் பார்க்காவிட்டால் அந்தப் பக்கத்தில் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள். தெரியாது என்று தப்பிக்கவும் வழியில்லை. பாண்டீஸ்வரன்தான் படம் போட்டு ஊருக்கே தெரியப்படுத்திவிட்டானே!

டாக்டர் அனுசியா கொதித்துவிட்டார். "இது காய்ச்சல் வார்டா, கல்யாண மண்டபமா? நீதான கூப்பிட்ட, நீயே நிறுத்து. சாயங்காலத்துக்குள்ள கூட்டம் கலையலன்னா, நாளையில இருந்து வேற வேலை தேடிக்க."

அடுத்த மாதம் பாண்டீஸ்வரனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் வேலை என்ற ஒரே காரணத்துக்காகத்தான் பெண் கொடுக்கவே ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

அவசர அவசரமாகத் தட்டினான்: 'சங்கரபாண்டியனைப் பார்க்க யாரும் வர வேண்டாம். அனுமதி இல்லை.'

கொஞ்ச நேரத்தில் அதே குரூப்புகளில் வேறொன்று சுற்ற ஆரம்பித்தது. அவன் எடுத்த அதே படம். சீவிய தலை, சிரித்த முகம். ஆனால் இப்போது சுற்றிலும் மாலை, கீழே குத்துவிளக்கு, மேலே 'கண்ணீர் அஞ்சலி'.

"அய்யய்யோ!" என்று பதறி, தான் போட்ட படத்தை எல்லா இடத்திலும் அழித்தான்.

'போட்டாவையே தூக்கிட்டாக. எதையோ மறைக்கிறாக' என்று நரிக்குடியிலிருந்து ஒருவர் எழுதினார்.

அவ்வளவுதான். காலையில் ஹார்லிக்ஸோடு வந்தவர்கள் மதியம் மாலையோடு வந்தார்கள். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்காரர்கள்கூட சாவுக் கேதம் என்றால் வந்து நிற்பார்கள் என்பதால், கூட்டம் காலையைவிடப் பெரிது.

"நல்லாத்தான பேசிக்கிட்டு இருந்தாக, அதுக்குள்ள என்ன ஊசியப் போட்டீக?" என்று ஒருத்தி அவன் சட்டையைப் பிடித்தாள்.

விடுவித்துக்கொண்டு கட்டிலுக்கு ஓடினான். "சித்தப்பா, உசுரோட இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. லைவ் போடுறேன்."

சங்கரபாண்டியன் தன் செல்லில் அந்த அஞ்சலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தப் பய வேலைடா இது? படம் மட்டும் நல்லா விழுந்திருக்கு."

"சொல்லுங்க சித்தப்பா!"

"அன்பார்ந்த சொந்த பந்தங்களே, நான்..." என்று அவர் தொடங்கியதும் நெட்டு நின்றுவிட்டது. திறந்த வாய், பாதி மூடிய கண். ஊரெல்லாம் பார்த்தது அந்தக் கோலத்தைத்தான். 'ஆழ்ந்த இரங்கல்' வரிசையாக வந்து விழுந்தது. ஒருவர் மட்டும் பொறுப்பாக, 'எடுக்குறது எப்போ?' என்று கேட்டிருந்தார்.

வாசலில் ஒப்பாரி கேட்டு டாக்டர் வந்தார். "அஞ்சலியில இருக்கறது நீ எடுத்த படம். நீதான போட்ட?"

"சத்தியமா இல்ல மேடம்!"

"சரி, யாருன்னு போலீஸே கண்டுபிடிக்கட்டும். அதுவரைக்கும் நீ இந்தப் பக்கம் வராத."

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் உள்ளே ஓடிவந்தார். கட்டிலருகே நின்ற சங்கரபாண்டியனின் மனைவி பொன்னுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆத்தாடி, இருளப்பசாமிக் கொழுந்தனாரு! வரப்புச் சண்டையில பேச்ச விட்டவுக, எம்மக கல்யாணத்துக்குக்கூட வரலயே!"

"அண்ணே!" என்று இருளப்பசாமி கட்டிலில் விழுந்து அழுதார்.

"ஏலே, நான் சாகலடா" என்று சங்கரபாண்டியனும் அழுதார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். கொண்டுவந்த மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருளப்பசாமி அதைக் குளுக்கோஸ் ஸ்டாண்டில் மாட்டினார். வேலை போன அந்த நேரத்திலும் பாண்டீஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வராந்தாவில் டாக்டர் போலீஸுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். இருளப்பசாமி துண்டால் முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்து, அண்ணன் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார்.

"அந்தத் தம்பிய ஒண்ணும் சொல்லாதீகம்மா, அதப் போட்டது நாந்தேன், சொகமில்லன்னு பாக்க வந்தா நான் எறங்கி வந்ததா ஆயிருமுல்ல, செத்துட்டாருன்னா கூப்புடாமலே ஓடியாரலாம்!"