மூன்று முறை வெட்டிய ஓட்டை

பால் திரிந்துவிட்டது. அதுவும் பிரிட்ஜுக்குள் இருந்த பால்.

சாம்பசிவம் பாக்கெட்டை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மலையூரான ரிங்லெட் பக்கம் ஓர் எஸ்டேட்டில் இருபத்தாறு வருஷம் தேயிலை லோரி ஓட்டி ஓய்ந்த மனுஷன். மலைக்குக் கீழே ஈப்போ டவுனில் யாரோ வேண்டாமென்று நிறுத்திய கேரவன் வேனை வாங்கி வந்து, தோசைக் கடை போடப் போகிறேன் என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். வேனில் அடுப்பு இருந்தது, கேஸில் ஓடும் பிரிட்ஜும் இருந்தது. மலைக் குளிரில் ஊரே நடுங்க, கதகதப்பாக இருந்தது அந்த பிரிட்ஜ் மட்டும்தான்.

தேயிலைச் சரிவைப் படம் பிடிக்க டூரிஸ்ட்டுகள் நிற்கும் வளைவில், ஒரே ஒரு கடைக்கு எஸ்டேட் இடம் தருகிறது. சனிக்கிழமை ஆபீஸிலிருந்து ஓர் ஆள் வந்து பார்ப்பார். பிரிட்ஜ் குளிரவில்லையென்றால் இடம் ஒரு பர்கர்காரனுக்குப் போய்விடும்.

அந்த இடம் கிடைத்தே ஆக வேண்டும். ரிட்டையர் ஆனதிலிருந்து வீட்டில் உட்கார்ந்து, மனைவி பாஞ்சாலைக்கு வெங்காயம் எப்படி நறுக்குவதென்று தினம் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். இன்னொரு மாசம் போனால் கத்தி எந்தப் பக்கம் திரும்புமோ தெரியாது.

பாஞ்சாலையின் தம்பி மகேனைக் கூப்பிட்டார்கள். அதே மலையில் கோலா தெர்லா ஊரில் காய்கறி லோரிகளுக்கு வைத்தியம் பார்க்கிறவன்.

"மாமா, இதுக்குப் பின்னால கேஸ் நெருப்பு எரியுது. அந்தச் சூடு வெளிய போனாத்தான் உள்ள குளிரும். பழைய ஆளு மழைக்குப் பயந்து எல்லாத்தையும் தகரம் அடிச்சு மூடி வச்சிருக்கான் லா."

"இப்ப என்னா செய்யறது?"

"வேன் பின்சொவத்துல கீழ ஒரு ஓட்டை, காத்து வர. மேல ஒரு ஓட்டை, சூடு போக. அவ்ளோதான்."

வெட்டினான். மார்பளவு உயரத்தில் இருந்த மேல் ஓட்டைக்குக் கொக்கி போட்ட மூடியும் வைத்தான். சாயங்காலம் பிரிட்ஜ் குளிர்ந்தது. சாம்பசிவம் உள்ளே வைத்த தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாஞ்சாலை மேல் ஓட்டையில் கையைக் காட்டிப் பார்த்தாள். "ஏங்க, நான் ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

கேட்டாள். அவர் காதில் விழுந்தால்தானே. "சரி சரி, செஞ்சிடலாம்" என்றார், தெர்மாமீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் விடியற்காலையில் திறந்தால் சூடு. வெண்ணெய் உருகி ஓடியிருந்தது. கோபத்தில் பிரிட்ஜை அணைத்துவிட்டு மகேனுக்கு போன் போட்டார்.

"மேல் ஓட்டை சின்னதா இருக்கும் மாமா. பெருசாக்கிடுவோம்."

"ஒரு சாண் அகலமாவே வெட்டுடா" என்றாள் பாஞ்சாலை.

"பாத்தியா, உங்க அக்காவுக்கே புரிஞ்சிருச்சு" என்றார் சாம்பசிவம். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் வேலையில் அவள் இவ்வளவு அக்கறை காட்டியதில்லை. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மகேன் வெட்டிப் பற்ற வைத்தான், சாயங்காலம் குளிர்ந்தது. விடிந்தால் முன்னைவிடச் சூடு. சட்னி புளித்திருந்தது. லோரியிலிருந்து கழற்றிய சின்ன காற்றாடியை மாட்டினார்கள். அது நெருப்பையே ஊதி அணைத்தது. காற்றாடியைக் கழற்றிவிட்டு மேல் ஓட்டையை இன்னும் பெரிதாக வெட்டினார்கள். மறுநாள் காலையில் சட்னி நுரைத்துக்கொண்டிருந்தது.

"நீ இருந்தா குளிருது, நீ போனா சுடுது. உன்மேல அதுக்கு என்னாடா அவ்ளோ பாசம்?" என்றார் சாம்பசிவம்.



இதற்கு நடுவே பாஞ்சாலை அவருடைய பழைய பழுப்பு ஸ்வெட்டரைத் துவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வருஷமாக அதை அடுக்களையில் ஏதோ பானைக்குச் சுற்றி வைத்திருந்தாள். "இனிமே எனக்கு வேணாம், நீங்களே போட்டுக்குங்க." போட்டுக்கொண்டு பிரிட்ஜ் பக்கம் போய்விட்டார். சோதனைக்குச் சுட்ட தோசைக்கு லயத்து ஆட்கள் தட்டோடு வந்து நின்றதும் அவர் கண்ணில் படவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணி. வெளியே பதினாறு டிகிரி, பிரிட்ஜுக்குள் இருபத்திரண்டு. அன்றைக்கு அதை அணைக்கக்கூட மனசில்லாமல் வேன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பர்கர்காரனுக்கே போவட்டும். நான் வீட்டுலயே இருந்து உனக்கு ஒத்தாசையா இருக்கேன்."

பாஞ்சாலைக்குப் பகீரென்றது. "அது மட்டும் வேணாங்க. இன்னும் நேரம் இருக்கு, குளிரும்." சொல்லிவிட்டு வேனுக்குப் பின்பக்கம் போனாள். மாவோடு திரும்பி வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள்.

ஒன்பது மணிக்கு வர வேண்டிய எஸ்டேட் ஆபீஸ் யோகேஸ்வரி, சனிக்கிழமை டூரிஸ்ட் நெரிசலில் மாட்டி ஒரு மணிக்குத்தான் வந்து சேர்ந்தாள். நேரே பிரிட்ஜைத் திறந்தாள். சாம்பசிவம் கண்ணை மூடிக்கொண்டார்.

"நாலு டிகிரி. நல்லா இருக்குண்ணே."

கண்ணைத் திறந்து தானும் ஒருமுறை பார்த்தார். நாலேதான். யோகேஸ்வரி கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை நீட்டினாள். வளைவில் இடம் அவருக்குத்தான்.

"மூணாவது வெட்டுதான் மாமா வேலை செஞ்சிருக்கு" என்றான் மகேன்.

அவ்வளவுதான், சாம்பசிவத்தைப் பிடிக்க முடியவில்லை. காற்று எப்படி வருகிறது, சூடு எப்படிப் போகிறது, ஓட்டையின் அளவை ஒரு மனுஷன் எப்படிக் கணக்குப் போட வேண்டும் என்று யோகேஸ்வரிக்கு வகுப்பே எடுத்தார். அவள் நாலாவது தோசையைப் பிட்டுக்கொண்டே தலையாட்டினாள்.

"ஓட்டையெல்லாம் சரிண்ணே. அக்கா, இந்தக் குளிர்ல ஒங்க மாவு மட்டும் எப்படி இப்படிப் பொங்குது? எங்க வீட்டுல கம்பளி போத்தி வச்சாலும் கல்லு மாதிரி கெடக்கு."

பாஞ்சாலை வெட்கத்தோடு புருஷனைப் பார்த்தாள்.

"எல்லாம் இவருதாம்மா. ராத்திரிக்கு மாவ அந்த மேல் ஓட்டைச் சூட்டுல வச்சுக்கட்டுமான்னு ஒரு வார்த்தைதான் கேட்டேன். மொதல்ல சின்னப் பானை போற மாதிரி இருந்த ஓட்டைய, எனக்காக வெட்டி வெட்டி, இப்ப அண்டாவே உள்ள போவுது."