சவுனாவில் தோப்புக்கரணம்

ஏரிக்கரைத் தார்ச்சாலை வெயிலில் இளகிக் கிடந்த ஒரு ஜூலை நாளில், மனைவியை ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தே தீருவது என்று தொர்ஸ்தி முடிவு செய்தார். தோற்றால் படகு போய்விடும்.

பழைய படகுகளை வாங்கி விற்றே ஆளானவர் அவர். அவரிடம் படகு வாங்குகிறவன் பணத்தைக் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால், பின்னால் மோட்டார் இருக்காது. கேட்டால் எரிந்து விழுவார். "படகு வேற, மோட்டார் வேற. படகுன்னுதானே பேசினோம்?"

ஆனால் சொந்தப் படகில் மட்டும் மோட்டார் உண்டு. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவர் அதைக் கிளப்பினால், ஃபின்லாந்தில் பாதி எழுந்துகொள்ளும். மனைவி ஹில்லேவி முதலில் எழுந்துகொள்வாள்.

"அதை வித்துடுய்யா. எனக்குக் காது போகுது."

"என் உசிரு போனாலும் விக்க மாட்டேன்."

"உன் வயிறு இருக்கற இருப்புக்கு உசிரு முந்திக்கும். ஏரியைச் சுத்தி என்கூட ஓடு. நீ முதல்ல வந்தா படகைத் தொட மாட்டேன். நான் வந்தா வித்துடணும்."

"ரெண்டு வாரம் கழிச்சு ஓடலாம். உச்சி வெயில்ல."

"சரி."

பேரமே பேசாமல் ஒப்புக்கொண்டது அவருக்குச் சப்பென்று இருந்தது.

உச்சி வெயில் கேட்டதற்குக் காரணம், பல் டாக்டர் வீட்டில் காத்திருந்தபோது புரட்டிய ஒரு பத்திரிகை. வெயிலில் ஓடும்போது ரத்தத்துக்கு இரண்டு வாடிக்கையாளர்களாம். கால், ஓட வேண்டும் கொடு என்கிறது. தோல், சூட்டை வெளியே தள்ள வேண்டும் எனக்குக் கொடு என்கிறது. இதயம் பாவம், ஒற்றைக் கடைக்காரன், இருப்பும் கொஞ்சம். அடித்துக்கொண்டு ஓடுகிறது. ஆனால் தினமும் சூட்டில் பழகியவனுக்கு ரத்தத்தில் நீர் கூடுகிறது, வியர்வை முந்தி வருகிறது, இதயம் நிதானமாகிறது. சரக்கைப் பெருக்கினால் சண்டை இல்லை. தொர்ஸ்திக்கு இது உடனே புரிந்தது. மனைவி குளிர்காலம் முழுக்கப் பனிச்சறுக்கில் போகிறவள். குளிரில் அவளை ஜெயிக்க முடியாது. சூட்டில் முடியும். சூட்டுக்குத்தான் கொல்லையில் சவுனா இருக்கிறதே, அடுப்பு மூட்டி வியர்க்க வியர்க்க உட்காரும் மர அறை.

"அடுப்புல விரிசல். நான் ரிப்பேர் பண்றேன். ரெண்டு வாரம் சவுனாப் பக்கம் வராதே."

சவுனா இல்லாமல் வாரம் கழியாத ஒரு ஃபின்லாந்துப் பெண்ணிடம் இப்படிச் சொல்லிவிட்டு முழு உடம்போடு நடமாடும் ஆண்கள் குறைவு. ஹில்லேவி தலையை ஆட்டினாள்.

"பக்கத்து வீட்டு சவுனாவுக்குப் போய்க்கறேன். அது சரி, ரிப்பேர் பண்ற அடுப்புல புகை வருதே?"

"புகை வருதான்னு பாக்கறதுதான் ரிப்பேர்."

முதல் நாள் கொதிக்கும் சவுனாவுக்குள் தோப்புக்கரணம் போட்டுவிட்டு நிமிர்ந்ததும் உலகம் இருட்டியது. காலும் தோலும் இருந்த ரத்தத்தை எல்லாம் பங்கு போட்டுக்கொண்டதில் தலைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கீழ்ப் பலகையில் சரிந்து உட்கார்ந்து, சொந்த இதயத்தைத் திட்டினார். முதலாளியின் தலைக்கு முதலில் அனுப்பத் தெரியாதவனை எவன் வேலைக்கு வைத்தான்?

அடுத்த நாளிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் குடித்துவிட்டு, பாதி சூட்டில் ஆரம்பித்தார். இரண்டாம் வாரம் மாற்றம் தெரிந்தது. கதவைத் திறந்ததுமே வியர்த்தது. நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. பழகியவன் வியர்வையில் உப்பு குறையும் என்று அதே பத்திரிகையில் போட்டிருந்ததால், சாப்பாட்டு மேஜையில் சோதித்தார்.

"ஏய்யா, கையை எதுக்கு நக்கறே?"

"சூப்பு கொட்டிடுச்சு."

"சூப்பு இன்னும் ஊத்தவே இல்லையே."

பந்தயத்தன்று காற்றே இல்லை. இருவரும் சேர்ந்து கிளம்பினார்கள். பாதிகூட ஆகவில்லை, ஹில்லேவி முகம் சிவந்து நின்றாள்.

"என்னால ஆகாதுய்யா. நீ ஓடு. நான் வீட்டுக்குத் திரும்பறேன்."

தொர்ஸ்தி ஓடினார். சட்டை நனைந்தது, இதயம் சம்பளம் வாங்குகிறவன்போல ஒழுங்காக வேலை பார்த்தது. ஏரியைச் சுற்றி முடித்துப் படகுத்துறைக்கு வந்தபோது ஹில்லேவி நிழலில் உட்கார்ந்து ஸ்ட்ராபெரி தின்றுகொண்டிருந்தாள்.

"ஜெயிச்சுட்டேன்," என்றார். "வெயிலா? எனக்கெல்லாம் ஒண்ணுமே பண்ணலை."

"பாத்தேன். படகு உன்னுதுதான்."

படகு இருந்தது. பின்பக்கம் மொட்டையாக இருந்தது.

"மோட்டார் எங்கே?"

"பக்கத்து வீட்டம்மா மருமகன் வந்து கழட்டிட்டுப் போனான், நீ அந்தக் கரையில ஓடிட்டிருந்தப்போ. கடலோரத்துல இருக்கானாம், சத்தம் இங்கே கேக்காது. அவங்க சவுனாவுலதான் விலை பேசி முடிச்சேன். நல்லவேளை நம்ம அடுப்புல விரிசல்."

"படகைத் தொட மாட்டேன்னு சொன்னியே!"

"தொடலையே. படகு வேற, மோட்டார் வேற. படகுன்னுதானே பேசினோம்?"

தொர்ஸ்திக்கு இருந்த ரத்தம் முழுவதும் முகத்துக்கு வந்தது. ஹில்லேவி இன்னொரு ஸ்ட்ராபெரியை எடுத்துக்கொண்டு, எதிர்க்கரையைக் கையால் காட்டினாள். அங்கே அவள் அக்கா இர்யா மூன்று பெட்டிகளோடு நின்றிருந்தாள்.

"துடுப்பு உள்ளதான் இருக்கு. போய் அக்காவைக் கூட்டிட்டு வந்துடு. உன்னைத்தான் வெயில் ஒண்ணும் பண்ணாதே."